பதினேழாவது சோதனை

கதவு சாத்தப்பட்டது. வெளியே சாவி இரண்டு முறை திரும்பியது.

தராசு திரும்பிப் பார்க்கவில்லை. ஊசிதான் கைப்பிடியைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"நிஜமாவே பூட்டிட்டாங்க பாஸ்."

"மூணு மணிக்குத்தான் திறப்பாங்க. உள்ளே வர்றதுக்கு முன்னாடியே சொன்னாங்களே."

"சொன்னாங்க. பேச்சுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

தராசு துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறிப் படிக்கல்லைப் புரட்டிப் பார்த்த காலத்தில் வியாபாரிகள் வைத்த பெயர், வேலை போன பிறகும் போகவில்லை. ஊசி அவருடைய உதவியாளர். அந்தப் பெயருக்குப் பாதிக் காரணம் அவள் உடம்பு, மீதிக் காரணம் அவள் வாய்.

கல்லூரியின் மூன்றாவது மாடியில் இருந்த அந்த அறைக்குப் பெயர் நடுவர் அறை. ஜன்னல் கண்ணாடிகள் மீது உள்பக்கமாகப் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். வெளிச்சம் வந்தது, வெளியுலகம் வரவில்லை. மூன்று மேஜை, மூன்று கணினி, மூலையில் ஒரு பிரிண்டர், ஒரு இரும்பு அலமாரி, கழிப்பறைக்குப் போகும் ஒரு சின்னக் கதவு. அறைக்குள் வருகிற யாராக இருந்தாலும் செல்போனை வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியின் துணிப்பையில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். காலை பத்து மணிக்கு உள்ளே போன மூன்று பேர் இன்னும் வெளிச்சமான வானத்தைப் பார்க்கவில்லை.

அந்த மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

நடு மேஜையில் இருந்தவர் பேராசிரியை. தலைமை நடுவர். நெற்றிக்கு மேலே நரை ஒரு பட்டையாக ஓடியது. பதினான்கு வருடமாக இந்தப் போட்டியின் கேள்விகளும் அவருடையவை, விடைகளும் அவருடையவை. இடது மேஜையில் இரண்டாம் நடுவர். ஒரு மென்பொருள் கம்பெனியில் பொறியாளர், பேராசிரியையின் பழைய மாணவர், முப்பது வயதுக்குள் தோளைக் கூன வைத்துக்கொண்டவர். மூன்றாமவர் கணினிகளுக்குப் பின்னால் ஒயர்களுக்கு நடுவில் ஒரு முக்காலியில் இருந்தார். கல்லூரியின் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர். எல்லோரும் சர்வர்காரர் என்றார்கள்.

"சர்வர்னு சொன்னதும் ஒரு காபி கிடைக்கும்னு நினைச்சேன்," என்றாள் ஊசி.

சர்வர்காரர் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் தராசு. "எனக்கு கிலோவும் லிட்டரும்தான் தெரியும்."

பேராசிரியை சொன்னார். கீழே அரங்கத்தில் நாற்பது அணிகள். ஒவ்வோர் அணியிலும் மூன்று மாணவர்கள், ஒரு கணினி. பத்து முதல் மூன்று வரை ஐந்து மணி நேரம், எட்டுக் கணக்குகள். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிரல் எழுதி, போட்டியின் இணையதளத்தில் ஒரு பட்டனை அழுத்தி அனுப்ப வேண்டும். அது இந்த அறைக்கு வரும். இங்கே உள்ள மென்பொருள், வந்த நிரலை ரகசியமாக வைத்திருக்கும் இருபது சோதனைகளில் ஓட்டிப் பார்க்கும். இருபதுக்கும் விடை சரியாக இருந்தால் சரி. ஒன்று தவறினாலும் தவறு. முடிவு போவதற்கு முன் இரண்டு நடுவர்களும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

"அந்த இருபது சோதனையும் அதோட விடையும் எங்க இருக்கு?"

"இந்த அறைக்குள்ள மட்டும்."

"அது வெளியே போயிடுச்சு."

"போயிடுச்சு," என்றார் பேராசிரியை. "பன்னிரண்டு பதினெட்டுக்கு முப்பத்தோராம் அணியிலிருந்து ஏழாவது கணக்குக்கு ஒரு நிரல் வந்துச்சு. இவர்தான் முதல்ல பார்த்தார்."

இரண்டாம் நடுவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கணக்கு இதுதான்: ஒரு ஊரின் தெருக்கள் கொடுக்கப்படும், எல்லாத் தெருவிலும் குப்பை அள்ள எத்தனை வண்டி வேண்டும் என்று சொல்ல வேண்டும். வந்திருந்த நிரலில் தெருவும் இல்லை, வண்டியும் இல்லை. இருபது வரிகள். முதல் எண் இதுவாக இருந்தால் விடை இது, அதுவாக இருந்தால் விடை அது. அவ்வளவுதான்.

"விடைத்தாளை அப்படியே வச்சு எழுதியிருக்காங்க," என்றாள் ஊசி. "எங்க பள்ளிக்கூடத்துல இதுக்குக் கொஞ்சமாவது வெட்கப்படுவாங்க. நடுவுல நடுவுல அடிச்சுத் திருத்தி, கஷ்டப்பட்ட மாதிரி காட்டுவோம்."

"இருபதும் சரியா?" என்று கேட்டார் தராசு.

"பத்தொன்பது சரி. பதினேழாவது தவறு," என்றார் இரண்டாம் நடுவர். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"விடைத்தாளைப் பார்த்து எழுதினவனுக்கு எப்படி ஒண்ணு தப்பும்?"

பேராசிரியை உடனே பதில் சொன்னார். "எங்க விடையிலேயே பதினேழாவது தப்பா இருந்துச்சு. இன்னைக்குக் காலையில பதினொன்றரைக்குத்தான் கண்டுபிடிச்சுத் திருத்தினோம். அப்படின்னா கசிஞ்சது பழைய விடைத்தாள். இந்த அறையைப் பூட்டுறதுக்கு முன்னாடியே வெளியே போயிருக்கு."

சர்வர்காரரின் முக்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

தராசு தலையை ஆட்டினார். "எந்தக் கணினியிலிருந்து அனுப்பினாங்கன்னு பதிவு இருக்குமே?"

"கல்லூரி முழுக்க ஒரே இணைப்பு சார்," என்றார் சர்வர்காரர். "அரங்கத்திலிருந்து அனுப்பினாலும் இந்த அறையிலிருந்து அனுப்பினாலும் பதிவுல ஒரே எண்தான் விழும்."

"இந்த அறையிலிருந்து ஒரு அணியோட பேர்ல அனுப்ப முடியுமா?"

"முடியும். சோதனைக்காக அப்படி ஒரு வழி வச்சிருக்கோம். இணையதளத்துல நடுவர்களுக்கான பக்கத்துக்குள்ள போய், எந்த அணியோட பேர்ல வேணும்னாலும் நுழையலாம்."

"அப்போ உங்க மூணு பேர்ல யார் நுழைஞ்சாங்கன்னாவது தெரியுமா?"

"மூணு பேருக்கும் ஒரே கடவுச்சொல்தான் சார். தனித்தனியா வைக்கலாம்னு கேட்டேன்."

"நான்தான் வேண்டாம்னேன்," என்றார் பேராசிரியை. "பதினாலு வருஷமா இப்படித்தான் நடக்குது."

ஊசி அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஜன்னல் தாளின் ஓரத்தை நகத்தால் கீறப் போனாள். பேராசிரியை பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டாள். "இந்த அறையிலிருந்து வெளியே பேச ஒரு வழியும் இல்லையா மேடம்? தாகமா இருந்தாக்கூட?"

"ஒரே ஒரு வழி. கேள்விப் பெட்டி."

அது இணையதளத்தில் ஒரு பக்கம். கணக்கு புரியவில்லை என்றால் அணிகள் அதில் கேள்வி எழுதலாம். நடுவர்கள் பதில் எழுதுவார்கள். நேரத்தோடு வரிசையாகப் பதிவாகும்.

தராசு அதைத் திறக்கச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஐந்து நிமிடம் ஆனது. மூடிய அறையின் காற்றில் பிரிண்டர் மையின் வாசனை கனத்துக் கிடந்தது.

"முப்பத்தோராம் அணி," என்றார் தராசு. "பன்னிரண்டு இருபத்தொன்று. ஏழாவது கணக்கு. 'ஒரே தெருவில் இரண்டு வண்டிகள் போகலாமா?' இது என்ன கேள்வி?"

"கணக்கைப் புரிஞ்சுக்கறதுக்கான கேள்வி," என்றார் இரண்டாம் நடுவர். பாதியில் அவர் குரல் மாறியது. "ஆனா அவங்க நிரல் பன்னிரண்டு பதினெட்டுக்கே..."

"பரீட்சைத்தாளைக் கொடுத்துட்டு வெளியே வந்து, மூணு நிமிஷம் கழிச்சுக் கேள்வி என்னன்னு கேக்கறாங்க," என்றாள் ஊசி. "பாவம், ரொம்ப மறதிக்காரக் குடும்பம் போல."

"நாடகமா இருக்கலாம்," என்றார் பேராசிரியை.

"இருக்கலாம்," என்றார் தராசு. "ஆனா பின்னாடி நாடகம் போடற அளவுக்குப் புத்தி இருக்கறவங்க, விடையை இப்படிப் பச்சையா இருபது வரியில எழுதி அனுப்புவாங்களா?"

அதற்குக் கீழேயும் அதே அணியின் வரிகள் இருந்தன. 12.52: 'எங்கள் நிரலுக்கு இன்னும் முடிவு வரவில்லை.' 1.05: 'மூன்று நிரல்கள் அனுப்பியிருக்கிறோம். மூன்றும் காத்திருப்பு என்றே காட்டுகிறது.' 1.14: 'யாராவது இருக்கிறீர்களா?'

"விசாரணை முடியும்வரை அவங்க நிரல் எதையும் பார்க்க வேண்டாம்னு, உங்களைக் கூப்பிட்ட போட்டி அமைப்பாளர் சொல்லிட்டார்," என்றார் இரண்டாம் நடுவர்.

"அப்போ அவங்களும் பூட்டி வச்ச மாதிரிதான்," என்றார் தராசு. "பட்டியல்ல எத்தனையாவது இடம்?"

"பன்னிரண்டு மணிக்கு முதல் இடம்."

அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறக்கவில்லை. மரத்தைத் தாண்டி அமைப்பாளரின் குரல் வந்தது. கல்லூரியின் பெயருக்கு வியர்த்துக்கொண்டிருக்கும் மனிதர்.

"சார், இரண்டு மணி வரைக்கும்தான் காத்திருப்பேன். அதுக்குள்ள ஒண்ணும் தெரியலைன்னா அந்த அணியை அரங்கத்தை விட்டு வெளியே அனுப்பிடறேன். மூணு பேர் படிக்கிற கல்லூரிக்கும் எழுதிடறேன். அதுக்கப்புறம் அவங்களை எந்தப் பரீட்சையிலயும் உக்கார விட மாட்டாங்க."

காலடிச் சத்தம் போனது. மணி ஒன்று முப்பத்தெட்டு.

சர்வர்காரர் முக்காலியிலிருந்து எழுந்தார். ஒயரில் கால் சிக்கி, நிதானித்து, நடு அறைக்கு வந்து நின்றார்.

"யாரையும் அனுப்ப வேண்டாம் சார். நான்தான் கொடுத்தேன்."

ஊசி அவர் பக்கம் திரும்பினாள்.

"முப்பத்தோராம் அணியில இருக்கறது என் பொண்ணு," என்றார் அவர். "யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இன்னைக்கு இந்த வேலைக்கு என்னை விட மாட்டாங்க. போன வாரம் சர்வரை வீட்டுல வச்சுத்தான் தயார் பண்ணேன். அப்போ விடைத்தாளை எடுத்து அவ கம்ப்யூட்டர்ல போட்டேன். அவளுக்கு அது என்னன்னே தெரியாது. அப்பா கொடுத்தார்னு அனுப்பியிருப்பா. என்னைப் போலீஸ்ல கொடுங்க. அவளை எழுத விடுங்க."

பேராசிரியையின் கையிலிருந்த பேனா மேஜையில் விழுந்து உருண்டது.

"அது உங்க பொண்ணா?" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஆமா மேடம்."

தராசு அவரை மேலும் கீழும் பார்த்தார். பழைய நாட்களில் இப்படித்தான் ஒரு படிக்கல்லைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்ப்பார். "போன வாரம் எடுத்தீங்க."

"ஆமா சார்."

"அதுல பதினேழாவது விடை என்ன?"

"அது... அதுல என்ன இருந்துச்சோ அதான்."

"போன வாரம் இருந்த விடைத்தாள் இப்போ எங்கயாவது இருக்கா?"

இரண்டாம் நடுவர் அலமாரியைத் திறந்து அரக்கு வைத்த உறை ஒன்றை எடுத்தார். போட்டிக்கு முதல் நாள் எல்லா விடைகளையும் அச்சிட்டு முத்திரை வைப்பது வழக்கம். ஊசி அதைப் பிரித்து, ஏழாவது கணக்கின் தாளைத் தேடி, விரலை ஓட்டினாள்.

"பதினேழு. அறுபது வண்டி."

"முப்பத்தோராம் அணி பேர்ல வந்த நிரல்ல?"

இரண்டாம் நடுவர் திரையைப் பார்க்காமலே சொன்னார். "அறுபத்துநாலு."

தராசு சர்வர்காரரின் தோளில் கை வைத்து, முக்காலியில் மெதுவாக உட்கார வைத்தார்.

"நீங்க கொடுத்திருந்தா அறுபது இருக்கணும். நீங்க கொடுக்கல. உங்க பொண்ணு எடுத்திருப்பான்னு பயந்தீங்க. போன வாரம் சர்வர் தயார் பண்ணும்போது அவ உங்க பக்கத்துல உக்காந்திருந்தாளா?"

சர்வர்காரர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவளும் எடுக்கல. எடுத்திருந்தாலும் அறுபதுதான் வரும்."

"அப்போ பழைய விடைத்தாள் இல்ல. திருத்தின விடைத்தாள்," என்றாள் ஊசி. "காலையில திருத்தினது இந்த அறைக்குள்ளதானே பாஸ்? எல்லாரும் உள்ளே, போன் வெளியே, கதவு பூட்டு. எப்படி வெளியே போச்சு?"

"எதுவும் வெளியே போகல, ஊசி. அந்த நிரல் இந்த அறையிலேயே பிறந்து, இங்கிருந்தே முப்பத்தோராம் அணி பேர்ல அனுப்பப்பட்டிருக்கு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க இடம் தேடினார்கள். அந்த அறையில் அவ்வளவு இடம் இல்லை.

"ஆனா அறுபத்துநாலும் தப்புன்னுதானே மெஷின் சொல்லுச்சு," என்றாள் ஊசி. "இப்போ சரியான விடை என்ன?"

"எழுபத்திரண்டு," என்றார் இரண்டாம் நடுவர்.

"நேத்து அறுபது. இன்னைக்கு எழுபத்திரண்டு. நடுவுல அறுபத்துநாலு எந்த ஸ்டாப்புல ஏறுச்சு?"

தராசு தன் நாற்காலியை இரண்டாம் நடுவருக்கு எதிரே இழுத்துப் போட்டார். முழங்கால்கள் முட்டும் தூரம்.

"தம்பி, நான் உள்ளே வந்ததிலிருந்து நீங்க தரையையே பார்க்கறீங்க. தப்பு பண்ணவங்க பொதுவா என் முகத்தைப் பார்ப்பாங்க, நம்பிட்டேனான்னு தெரிஞ்சுக்க. தரையைப் பார்க்கறவங்க எதையோ சொல்லாம விட்டவங்க. பதினொன்றரைக்கு என்ன நடந்துச்சு?"



"பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு நாலு அணிகளோட நிரல் பதினேழாவதுல ஒரே மாதிரி விழுந்துச்சு. நம்ம விடைதான் தப்புன்னு தெரிஞ்சுது. மேடம் அந்த அணிகளோட விடையைப் பார்க்காம கையால கணக்குப் போட்டு, பதினொன்றரைக்கு விடையை மாத்தினாங்க. அறுபத்துநாலுன்னு."

"அப்புறம்?"

"எனக்கு சந்தேகமா இருந்துச்சு. தனியா ரெண்டு தடவை போட்டேன். எழுபத்திரண்டு வந்துச்சு. பதினொண்ணு ஐம்பதுக்கு நான் மறுபடியும் மாத்தினேன்."

"மேடம்கிட்ட சொன்னீங்களா?"



"இல்ல."

"ஏன்?"

"மேடம்கிட்ட தப்புன்னு சொல்ல முடியாது சார். போன வருஷம் ஒரு தடவை, விடையை இன்னொரு தடவை பார்க்கலாமான்னு கேட்டேன். கேட்டதுக்கே ஒரு மாசம் என்கூடப் பேசல. அதான் சத்தமில்லாம மாத்திட்டேன்."

தராசு எழுந்தார். அவர் குரல் உயரவில்லை.

"அறுபத்துநாலு மொத்தமே இருபது நிமிஷம்தான் உயிரோட இருந்துச்சு. பன்னிரண்டு பதினெட்டுக்கு அந்த நிரலை எழுதினவருக்கு ஒண்ணுதான் வேணும்: இருபதும் சரியா இருக்கணும். அப்பத்தான் விடைத்தாள் கசிஞ்சதுன்னு எல்லாரும் நம்புவாங்க. இந்தத் தம்பி எழுதியிருந்தா எழுபத்திரண்டு போட்டிருப்பார். இவருக்கு அது தெரியும். சர்வர்காரர் சர்வரிலிருந்து எடுத்திருந்தாலும் எழுபத்திரண்டுதான். பன்னிரண்டு பதினெட்டுல அறுபத்துநாலுதான் சரியான விடைன்னு நம்பிட்டிருந்த ஆள் இந்த அறையில ஒருத்தர்தான்."

யாரும் பேராசிரியையைப் பார்க்கவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று தெரிந்தது.

பேராசிரியை தன் பச்சைக் கோப்பைத் திறந்தார். யாரும் கேட்காமலே, உள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஏழாவது கணக்கின் இருபது விடைகள். மேல் ஓரத்தில் பிரிண்டர் அடித்த நேரம்: 11.35. பதினேழாவது வரியில் அறுபத்துநாலு.

"திருத்தினதும் ஒண்ணு அச்சடிச்சு வச்சேன்," என்றார். "அதைப் பார்த்துத்தான் எழுதினேன். பதினேழாவது தவறுன்னு வந்தப்போ எனக்கே ஒண்ணும் புரியல. பழைய விடைன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"ஏன் மேடம்?" என்றார் இரண்டாம் நடுவர். பழைய மாணவனின் குரல்.

பேராசிரியை அவரிடம் பேசவில்லை. மூடிய ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"ஏழாம் அணியில இருக்கறது என் பையன். அமைப்பாளருக்குத் தெரியும். நடுவருக்கு எண் மட்டும்தானே தெரியும்னு விட்டுட்டார். அவன் எந்த எண்ணுன்னு வீட்டு மேஜையில கிடந்த சீட்டுல பார்த்தேன். போன வருஷம் அதுவும் பார்க்கல. கடைசி அரை மணி நேரத்துல ஒரு நிரல் வந்துச்சு. என் விடையோட ஒத்து வரல. தவறுன்னு போட்டேன். இவர் இன்னொரு தடவை பார்க்கலாமான்னு கேட்டார். தேவையில்லன்னேன். அந்த அணி ரெண்டாவது இடம். மறுநாள் சாவகாசமா போட்டுப் பார்த்தேன். அந்த நிரல் சரி. என் விடைதான் தப்பு. அது யாரோடதுன்னு அப்போதான் பார்த்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?" என்றாள் ஊசி. இந்த முறை அதில் குத்தல் இல்லை.

"முடிவு அறிவிச்சாச்சு. பதினாலு வருஷத்துல ஒரு முடிவும் மாறினதில்ல. முதல் இடத்துக்கு மட்டும்தான் அடுத்த சுற்று. இது அவனுக்குக் கடைசி வருஷம். பன்னிரண்டு மணிக்குப் பட்டியலைப் பார்த்தேன். முப்பத்தொண்ணு முதல்ல, ஏழு ரெண்டாவது. முப்பத்தொண்ணுங்கறது எனக்கு ஒரு எண். அவ்வளவுதான்." அவர் திரும்பிச் சர்வர்காரரைப் பார்த்தார். "அதுக்கு ஒரு அப்பா இருப்பார், அவர் பத்தடி தள்ளி முக்காலியில உக்காந்திருப்பார்னு தோணல."

சர்வர்காரரின் கை ஒரு ஒயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. மணி இரண்டு.

"சார், என்ன ஆச்சு?"

தராசு கதவருகே போனார். "முப்பத்தோராம் அணி மேல ஒரு தப்பும் இல்ல. எழுதட்டும். மீதியை மூணு மணிக்குச் சொல்றேன்."

"யார் பண்ணாங்கன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. இப்போ கதவைத் திறந்தா நாற்பது அணியோட போட்டியும் நின்னுடும். மூணு மணிக்கு."

காலடிச் சத்தம் தயங்கித் தயங்கிப் போனது.

பேராசிரியை விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். "இனிமே நான் எதையும் தொடக் கூடாது."

"தொடணும்," என்றார் தராசு. "உங்க விதிப்படி ரெண்டு நடுவர் கையெழுத்து வேணும். உள்ளே இருக்கறது ரெண்டே பேர். கீழே நாற்பது அணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நீங்க எழுந்து போகவும் முடியாது, சும்மா உக்காரவும் முடியாது."

முதலில் முப்பத்தோராம் அணியின் காத்திருந்த மூன்று நிரல்களும் வந்தன. இரண்டாம் நடுவர் ஒவ்வொன்றாக ஓட்டினார். ஒன்று தவறு. இரண்டு சரி. அதில் ஒன்று ஏழாவது கணக்கு. பதினேழாவது சோதனைக்கு அது எழுபத்திரண்டு என்றது. நோட்டில் முதல் கையெழுத்து விழுந்தது. நோட்டு நடு மேஜைக்கு நகர்ந்தது. பேராசிரியை பேனாவை எடுத்து, கையெழுத்துப் போட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை ஊசி பின்னால் பல பேரிடம் சொல்ல முயன்று, சரியாக வராமல் விட்டுவிட்டாள். நிரல்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசி அரை மணியில் மழை மாதிரி வந்தன. நோட்டு இடது மேஜைக்கும் நடு மேஜைக்கும் போய் வந்தது. இரண்டு தடவை இரண்டாம் நடுவர், "மேடம், இதை இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்றார். இரண்டு தடவையும் பேராசிரியை, "பாருங்க," என்றார். இரண்டு நாற்பதுக்கு ஏழாம் அணியிடமிருந்து ஒரு நிரல் வந்தது. தவறு. பேராசிரியை அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். மெஷின் சொன்னது உண்மைதான். கையெழுத்துப் போட்டார். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் நகர மறுப்பது போல இருந்தது.

மூன்று மணிக்கு இணையதளம் தானாகவே மூடிக்கொண்டது. கேள்விப் பெட்டி மட்டும் திறந்திருந்தது. முப்பத்தோராம் அணி முதலிடம். ஏழாம் அணி மூன்றாமிடத்துக்கு இறங்கியிருந்தது.

"அமைப்பாளர் வர ரெண்டு நிமிஷம் ஆகும்," என்றார் பேராசிரியை. "ஒரு வரி அனுப்பலாமா? போட்டி முடிஞ்சாச்சு. இனி அதால யாருக்கும் லாபம் இல்ல."

தராசு தலையசைத்தார்.

பேராசிரியை தட்டச்சு செய்தார். 'ஏழாம் அணிக்கு: போன வருடம் நீங்கள் கடைசியாக அனுப்பிய நிரல் சரியானது. என் விடைதான் தவறு. மறுநாளே எனக்குத் தெரியும்.' கீழே தலைமை நடுவர் என்று போட்டார். அதை அழித்துவிட்டு அம்மா என்று போட்டார். அனுப்பினார்.

திரை அப்படியே இருந்தது. கீழே அரங்கத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் லேசாகக் கேட்டது. பிறகு ஒரு வரி வந்தது.

'தெரியும்.'

சிறிது நேரம் கழித்து இன்னொன்று.

'சாப்பிட்டியாம்மா?'

அவர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்று நடந்தது அவனுக்கு இன்னும் தெரியாது. அதையும் சொல்ல வேண்டும், எழுத்தில் அல்ல, முகத்துக்கு நேரே. சாவி திரும்பியது. அமைப்பாளர் உள்ளே வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தராசு வாயைத் திறப்பதற்குள் பேராசிரியை எழுந்து, நோட்டையும் பச்சைக் கோப்பையும் அவர் கையில் கொடுத்தார்.

"நான்தான்," என்றார். "உக்காருங்க, சொல்றேன்."

மற்றவர்கள் வெளியே வந்தார்கள். நடைபாதையின் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. காவலாளி துணிப்பையைத் திறந்து செல்போன்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் ஒரு பெண் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி வந்தாள். கழுத்தில் முப்பத்தொன்று என்று எழுதிய அட்டை.

சர்வர்காரர் தராசின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நான் சந்தேகப்பட்டது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"நான் சொல்ல மாட்டேன்."

"எங்க பாஸ் சொல்ல மாட்டார்," என்றாள் ஊசி. "என்னைப் பத்தித்தான் உறுதி இல்ல. அதனால நான் இப்பவே கீழே போறேன்."

அந்தப் பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள். "அப்பா, ஒண்ணரை மணி நேரம் எங்களுக்கு முடிவே வரல. சர்வர்ல என்ன கோளாறு?"

"சர்வர்ல ஒண்ணும் இல்லம்மா."

"அப்புறம்?"

அவர் செல்போனைச் சட்டைப்பையில் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"நீ திருடியிருப்பேன்னு நினைச்சேன்," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல."

அவள் அவர் தோளிலிருந்த கருவிப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கத் தொடங்கினாள். நான்கு படி போன பிறகு நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"வாங்க. பரிசு கொடுக்கும்போது நீங்களும் கீழே இருக்கணும்."